சீனி இருப்பு

சுகர் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் சுகர் இல்லாத ஆள்தான் சங்கடப்பட வேண்டும். காலை நடையில் அவரோடு பேச யாருக்கும் விஷயம் இருக்காது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேர் தாங்குவதை நான் தாங்க மாட்டேனா? வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பின் 274. டாக்டர் மாத்திரை எழுதினார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நாற்காலியை விட்டு எழும்போதுதான் சொன்னார்:

"அடுத்த வாரம் வெறும் வயித்தோட வந்து சிஸ்டரைப் பாருங்க. வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் வயிற்றைக் கலக்கியது.

காரணம் இருக்கிறது. நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பாதி, ரேஷன் கடைகளில் சீனி இருப்பைச் சரிபார்ப்பதில் போயிற்று. புத்தகத்தில் இருக்கும் சீனி மூட்டையில் இருக்காது. கேட்டால் விற்பனையாளர் ஈரம் காய்ந்துவிட்டது என்பார், சாக்கில் ஓட்டை என்பார், எறும்பு என்பார். ஒரு எறும்பு வருசத்துக்கு எவ்வளவு தின்னும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தவன் நான். தனி ஆளாக விசாரித்தால் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். அதனால் கடையில் எடை போடும் பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பேன். இப்போது என்னுடைய சீனி இருப்பை ஒருவர் சரிபார்க்கப் போகிறார். எடை போடுகிறவளையும் கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள்.

என் தரப்பில் சொல்ல ஒரு நியாயம் உண்டு. நான் இருக்கும் ஊர் கோவில்பட்டி. இங்கே செய்யும் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். வடமேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவா. அதற்கு ஒரு வருசம் முன்பே கொடுத்தாயிற்று. தென்கிழக்கே தூத்துக்குடி, மக்ரூன். தெற்கே திருநெல்வேலி. அங்கே என்ன என்று சொல்லத் தேவையில்லை. வடக்கே சாத்தூர் ஒன்றுதான் காரச்சேவு போட்டு என் பக்கம் நிற்கிறது. எந்தத் திசையிலிருந்து விருந்தாளி வந்தாலும் கையில் ஒரு பொட்டலம் இருக்கும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு வெறும் வயிற்றில் 168 என்பது கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்காட்டு என்றே நான் நினைக்கிறேன். சிஸ்டர் அப்படி நினைக்கவில்லை.

சுகர் சிஸ்டரை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு, என்ன கொண்டு போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ரிப்போர்ட்டுகள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டைகள். "வெள்ளையா, சின்னதா, உருண்டையா ஒரு மாத்திரை" என்று சொன்னால் உலகத்தில் பாதி மாத்திரை அதுதான். கண்ணாடி. அன்றாடம் போடும் செருப்பு, கல்யாணத்துக்குப் போடுவது அல்ல. முந்தின இரவு சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். காலையில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு சாப்பிட்டுவிட்டு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இடையில் சாப்பிட டிபன் பாக்ஸ் வேண்டும்.

அந்த டிபன் பாக்ஸ்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை ஏழே காலுக்கு அந்தக் கூடத்தில் முப்பது பேர் ஒரே நேரத்தில் மூடியைத் திறந்தார்கள். முப்பதிலும் கோதுமை ரவை உப்புமா. கொஞ்சம் வசதியானவர்களிடம் ஓட்ஸ். தமிழ்நாட்டில் இட்லி என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படவே இல்லையோ என்று சந்தேகம் வரும். என் மனைவியும் எனக்கு உப்புமாதான் கட்டியிருந்தாள். நான் ஆட்சேபிக்கவில்லை. தணிக்கை அன்றைக்கு மட்டும் ரேஷன் கடையில் தராசு துடைத்து வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஃபைல், காதில் சின்னதாக ஒரு தோடு, குரல் மட்டும் தலைமையாசிரியை. "எல்லாரும் டெஸ்டுக்குன்னு உப்புமா கொண்டாந்திருக்கீங்க. தினமும் வீட்ல என்ன சாப்பிடுறீங்களோ அதைச் சாப்பிட்டாத்தான் டாக்டர் மாத்திரையைச் சரியாக் கொடுக்க முடியும். இன்னைக்கு நல்ல பிள்ளையா இருந்து பிரயோஜனம் இல்லை. மூணு மாசக் கணக்கு தனியா வருது."

மூன்று மாசக் கணக்கு என்பது எச்பிஏ1சி என்ற டெஸ்ட். ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அந்த நாட்களில் ரத்தத்தில் எவ்வளவு சீனி ஓடியதோ அதற்கு ஏற்ப அவற்றில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது உதிராது. 6.5 இருந்தால் சுகர், 7க்குக் கீழே வைத்திருந்தால் பெரும்பாலோருக்கு நல்லது. எனக்கு 8.9. நேற்று வரை பட்டினி கிடந்தாலும் தீபாவளி அதில் இருக்கும், மச்சினன் வீட்டு விசேசம் இருக்கும். இப்படி ஒரு பதிவேடு மட்டும் ரேஷன் கடைகளில் இருந்திருந்தால் நான் இணை இயக்குநராக ஓய்வு பெற்றிருப்பேன்.

எங்கள் முறை வந்தது. எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, பிரஷர். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். "விட்டுருங்க சார், எல்லாரும் இழுப்பாங்க" என்றார். டேப்பும் கூடவே விட்டுக்கொடுத்தது. அப்புறம் உட்காரவைத்து, நோட்டை விரித்து ஆரம்பித்தார்.

"நேத்துக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லி."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கணையம் படத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருசம் குடும்பம் நடத்தினவனுக்கு அந்தப் பார்வையின் பொருள் தெரியும்.

சிஸ்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு இட்லியை எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் இட்லி. பக்கத்தில் பிளாஸ்டிக் தோசை, பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மாம்பழத் துண்டு. "உங்க வீட்டு இட்லி இந்த சைஸா?"

என் மனைவிக்கு ரோசம் வந்துவிட்டது. "இதுவா இட்லி? எங்க வீட்டு இட்லித் தட்டுல இது பாதிக் குழிக்குத்தான் வரும் சிஸ்டர். பெரியகுழித் தட்டு, எங்க அம்மா சீர் கொடுத்தது. இவுக அதுல மூணு சாப்பிடுவாக. ஒரு வடையும்."

நான் பொய் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்டது இட்லியை. மூன்றாவது இட்லி நான் கேட்டு வாங்கியதல்ல, அவளே வைத்தது. வடையைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் சிஸ்டர் இந்த வாதத்தில் எல்லாம் இறங்கவில்லை. "ஆறு இட்லி, ஒரு வடை" என்று எழுதிக்கொண்டார். என் மூன்றை அவருடைய ஆறாக மாற்றிய வேகத்தைப் பார்த்து, தொழில்காரன் என்ற முறையில் எனக்கு மரியாதை வந்தது.

மத்தியானச் சாப்பாட்டிலும் இதே கதைதான். "ரெண்டு கரண்டி சோறு" என்றேன். "எந்தக் கரண்டி?" என்றார். இந்தக் கேள்வியை நானே கேட்டிருப்பேன். கரண்டிக்கு அளவுச் சட்டம் கிடையாது. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, மீதிக் கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ என்று தட்டின் படத்தைக் காட்டினார். எங்கள் வீட்டுத் தட்டில் சோறு நடுவில் இருக்கும், காய் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தில் காய்தான் வீட்டுக்காரர், சோறு வாடகைக்கு வந்திருந்தது.

"வாக்கிங் போறீங்களா?"

"தினமும்."

"எங்க வரைக்கும்?"

"டீக்கடை வரைக்கும்" என்றாள் மனைவி.

காபியில் சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறியிருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கருப்பட்டியை இனிப்பில் சேர்ப்பதில்லை, மருந்தில் சேர்ப்பார்கள். சிஸ்டர் அதைச் சீனி என்ற தலைப்பின் கீழேயே எழுதினார். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எதுவானாலும் ரத்தத்துக்குள் போனால் சீனிதான், அங்கே யாரும் பனையா கரும்பா என்று கேட்பதில்லை என்றார். அடுத்தது கேழ்வரகுக் கூழ். சுகருக்கு நல்லது என்று எதிர்வீட்டு அண்ணாச்சி சொல்லி, ஒரு சொம்பு குடித்துவந்தேன். மாவாக அரைத்துக் கரைத்துக் குடிக்கும் எதுவும் வேகமாக ஏறும், கேழ்வரகாக இருந்தாலும் அளவு அளவுதான் என்றார். பாகற்காய்ச் சாற்றைப் பற்றிக் கேட்டேன். "பாகற்காயைப் பொரியலா சாப்பிடுங்க. சாறைக் குடிச்சிட்டு மாத்திரையை நிறுத்தினவங்க எல்லாரும் திரும்ப எங்ககிட்டதான் வர்றாங்க" என்றார். அண்ணாச்சியின் மூன்று மருந்துகளில் மூன்றும் அடிபட்டுப்போயின.

ஒரு கேள்வியை மட்டும் வாயால் கேட்காமல், அச்சடித்த தாளை என் பக்கம் திருப்பி டிக் அடிக்கச் சொன்னார். தாம்பத்தியம் சம்பந்தமானது. நான் என்ன டிக் அடித்தேன் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஆனால் அப்படி ஒரு வரி இருக்கும், சுகரில் அதுவும் பாதிக்கப்படலாம், அதற்கும் மருத்துவம் உண்டு. கூச்சப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள்.

பிறகு சுகர் குறைந்துபோவதைப் பற்றிப் பாடம் நடந்தது. ஏறுவதுதான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிது. சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் 70க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும், காரணமில்லாமல் கோபம் வரும்.

"கோவம் வந்தா எப்படி சிஸ்டர் கண்டுபிடிக்கிறது?" என்றாள் மனைவி. உண்மையான கவலையோடுதான் கேட்டாள். "இவுகளுக்கு அது எப்பவும் வருமே?"

"வேர்க்குதான்னு பாருங்கம்மா" என்றார் சிஸ்டர். அன்றிலிருந்து வீட்டில் நான் குரலை உயர்த்தினால் யாரும் பதில் பேசுவதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அப்படிக் குறைந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு முறை. வெளியே போனால் சட்டைப் பையில் ஏதாவது இனிப்பு வைத்திருப்பது நல்லது என்றார். அவ்வளவு நேரமும் தலையைக் குனிந்திருந்த நான் நிமிர்ந்தேன்.

"கடலைமிட்டாய் வச்சுக்கிடலாமா?"

"கூடாது சார். கடலையில கொழுப்பு இருக்கு. கொழுப்பு இருந்தா சீனி ரத்தத்துல ஏற லேட்டாகும். அவசரத்துக்கு உதவாது. குளுக்கோஸ் பொடி வச்சுக்கங்க."

புவிசார் குறியீடு பெற்ற ஒரு பொருளை இவ்வளவு சுலபமாகத் தள்ளுபடி செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுகர் இருந்தால் சாப்பிடக் கூடாது, சுகர் இறங்கினாலும் சாப்பிடக் கூடாது என்றால், கோவில்பட்டிக்காரன் எப்போதுதான் கடலைமிட்டாய் சாப்பிடுவது? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பிளாஸ்டிக் மாதிரி வைத்திருப்பார்.

அடுத்து கால். முதல் சந்திப்பில் ஊசியைப் பற்றித்தான் எல்லோரும் பயந்துகொண்டு வருவார்கள். ஆனால் சிஸ்டர் அதிக நேரம் செலவழிப்பது காலில். கழுவி வராதவர்கள் வெட்கப்பட நேரும். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகம், நாடி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பத்து கிராம் அழுத்தத்துக்கு வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும்.

"தெரியுது" என்றேன். "தெரியுது." "தெரியுது." பரீட்சை என்றால் முழு மதிப்பெண் எடுத்துப் பழகியவன். "தெரியுது."

"இப்ப நான் தொடவே இல்ல சார்" என்றார்.

இடையிடையே தொடாமலும் கேட்பது அந்தப் பரிசோதனையின் முறையே. உணர்ச்சி குறைந்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, தெரியாத புண் பெரிதாகும், பெரிதான புண்ணால் காலையே எடுக்கும்படி ஆகலாம். அதனால்தான் அத்தனை கறார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொன்னார். இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். கழுகுமலையில் செருப்பில்லாமல் கிரிவலம் போவதுண்டு என்று மனைவி போட்டுக்கொடுத்தாள். தரை ஆறின பிறகு, சாயங்காலமாகப் போங்கள், வந்ததும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றார். பக்கத்துப் படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப பூக்குழி இறங்கலாமாம்மா?" என்றார். சிஸ்டர் ஒரு கணம் பேசவில்லை. "அம்மன்கிட்ட வேற நேர்த்திக்கடனா மாத்திக்கச் சொல்லிக் கேளுங்க ஐயா. மொட்டை போடலாம், ஒண்ணும் பண்ணாது."

பெரியவருக்கு மறுப்பு ஏதும் இல்லை. தலையில் அவருக்கு முடியும் அதிகம் இல்லை.

இன்சுலின் எனக்கு இப்போது இல்லை. பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழுதார். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டார்கள். அதுவரை இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான் வைத்தியம். கடைசிக் கட்டத்திலிருந்து ஆளை மீட்க வந்த மருந்துக்கு இந்தப் பெயர். அந்தப் பெண்ணுக்கு சிஸ்டர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. நம் நாட்டுக் குப்பிகளில் மில்லிக்கு 40 யூனிட் மருந்தும் உண்டு, 100 யூனிட் மருந்தும் உண்டு; 40க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு தலைகீழாகிவிடும். படியையும் லிட்டரையும் குழப்பிக்கொண்ட கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போனது வெறும் மண்ணெண்ணெய்.

கடைசியாக மிஷின். வீட்டிலேயே பார்க்கும் குளுக்கோமீட்டர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். விரலில் மாம்பழச் சாறு ஒட்டியிருந்தால் அதன் சுகரும் சேர்ந்து வந்துவிடும். விரல் நுனியில் குத்தக் கூடாது, பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. குத்துகிற ஊசியை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது. "நீங்களே குத்திப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். எனக்குக் கை நடுங்கியது. சுகர் இறங்கியிருக்கும் என்று சமாளித்தேன். மனைவி வாங்கி, என் விரலைப் பிடித்து, ஒரே அழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு என் கையை அவள் இவ்வளவு ஆர்வமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

வருசத்துக்கு ஒரு முறை கண்ணில் மருந்து ஊற்றி விழித்திரை பார்க்க வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்ட முடியாது. சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். பல்லையும் காட்ட வேண்டும். இவற்றை எல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதித் தந்தார். டாக்டர் ஐந்து நிமிடம், சிஸ்டர் ஒன்றேகால் மணி நேரம். இந்த ஏற்பாடு புதிதல்ல. இன்சுலின் வந்த காலத்திலேயே பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்ற டாக்டர், நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளிகள் வீட்டுக்கே அனுப்பிப் பாடம் நடத்த வைத்தார். நம் ஊரிலும் 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, கிராமத்தில் இருக்கும் என் அத்தையின் வீட்டு வாசலுக்கே ஒரு பெண் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவருகிறார். அத்தை அவரைத் தூரத்தில் கண்டதும் பலகாரத் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள் என்று தகவல்.

நான் மிஷின் வாங்கின செய்தி தெருவில் பரவிவிட்டது. முதலில் வந்தவர் எதிர்வீட்டு அண்ணாச்சி. அவருக்குச் சுகர் கிடையாதாம். பாகற்காய்ச் சாறு, கேழ்வரகுக் கூழ், கருப்பட்டி மூன்றையும் விடாமல் கடைப்பிடிக்கிறவர். சும்மா ஒரு தடவை பார்த்தால் தெரிந்துபோகும் என்று விரலை நீட்டினார். ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது என்று சிஸ்டர் சொன்ன சட்டத்தைச் சொல்லி மறுத்தேன். "அந்த சிஸ்டர் எங்க இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மாசம் நான் போனபோது கூடத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ், கையில் ரிப்போர்ட். வெறும் வயிற்றில் 211.

"மிஷின் கோளாறா இருக்கும்" என்றார்.

"இருக்கும் அண்ணாச்சி" என்றேன். "மதினி வரலையா?"

அண்ணாச்சி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள இட்லி கணக்கெல்லாம் கேப்பாங்களாமே? அவளை எதுக்குக் கூட்டிட்டு வரணும்?"

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.